அலுமாரிகளில் உறங்கும் ஆய்வுகளும் ஆழத்தில் கெடும் கிணறுகளும்

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு வற்றாத ஆறு இல்லை. தெல்லிப்பழைப் பக்கமிருந்து அராலிக் கடல்வரை மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாற்றை விட்டால், இந்த மண்ணின் நீர் முழுவதும் நிலத்துக்குக் கீழேதான் இருக்கின்றது. குடிப்பதும் குளிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் அந்த ஒரே சேமிப்பிலிருந்துதான். ஆகையால் அந்த நீரின் தரம், அளவு, எதிர்காலம் ஆகியவை பற்றி எமது பல்கலைக்கழகங்களில் நடைபெறும் சுற்றாடல் விஞ்ஞான ஆய்வுகள், குறிப்பாகக் கலாநிதிப் பட்டத்துக்காகப் பல வருட உழைப்பில் செய்யப்படும் ஆய்வுகள், பட்டம் பெறுபவரின் தனிப்பட்ட விவகாரமாக இருந்துவிட முடியாது. அவை இங்கு வாழும் ஒவ்வொரு குடும்பத்தினதும் விவகாரங்களாகும். எனினும் அந்த ஆய்வுகளின் முடிவுகள் எத்தனை குடும்பங்களைச் சென்றடைகின்றன என்று கேட்டால் கிடைக்கும் பதில் மகிழ்ச்சி தருவதாக இல்லை.

முதலில் பிரச்சினையின் இயல்பைச் சுருக்கமாக நோக்குவோம். குடாநாட்டின் அடித்தளம் மியோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கல். வெடிப்புகளும் குகைகளும் நிறைந்த இக்கல் மழைநீரை விரைவாக உள்வாங்குகின்றது. நிலாவரைக் கிணற்றின் ஆழமும் கீரிமலைக் கேணியின் ஊற்றும் இக்கல்லின் விளைவுகளே. வருடத்துக்குச் சராசரியாகச் சுமார் 1,250 மில்லிமீற்றர் மழை பெய்கின்றது. அதன் பெரும்பகுதி ஒக்ரோபர் தொடக்கம் டிசம்பர் வரையான வடகீழ்ப் பருவத்திலேயே கிடைக்கின்றது. கீழிறங்கும் நன்னீர், கடலிலிருந்து உட்புகுந்து நிற்கும் உவர்நீரின் மேல் ஒரு வில்லை போல மிதக்கின்றது. கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி உயரத்துக்கு நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பது அடிவரை நன்னீர் இருக்கும் என்பது நீரியலாளர் அறிந்த விதி. இதை மறுபுறமாகப் பார்த்தால் ஆபத்து விளங்கும். மேலே ஓரடி குறைந்து அது நிலைத்துவிட்டால், கீழிருந்து உவர்நீர் நாற்பது அடி மேலெழ முனையும். துலா மிதித்து இறைத்த காலத்தில் மனிதனின் உடல் வலிமையே இறைப்புக்கு எல்லையாக இருந்தது. நீரிறைக்கும் இயந்திரம் வந்த பின்னர் அந்த எல்லை இல்லாமற் போயிற்று.

மழைநீரை விரைவாக உள்வாங்கும் அதே கல், அழுக்கையும் அதே வேகத்தில் உள்வாங்குகின்றது. வலிகாமத்தின் செம்மண் தோட்டங்களில் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் புகையிலைக்கும் உருளைக்கிழங்குக்கும் இடப்படும் யூரியாவின் எச்சம் நைத்திரேற்றாக மாறிக் கிணற்றை அடைகின்றது. சிறு காணித் துண்டுகளில் கிணற்றுக்கு அருகே தோண்டப்படும் மலசலகூடக் குழிகளின் கசிவும் அதே கிணற்றைத்தான் அடைகின்றது. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று என்பதே உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை. அதற்கு மேற்பட்டால் புட்டிப்பால் அருந்தும் கைக்குழந்தைகளின் குருதி ஒட்சிசனைக் காவும் ஆற்றலை இழந்து, உடல் நீலம் பாரிக்கும் அபாயம் உண்டு.

இவை யாவும் நேற்று இன்று கண்டறியப்பட்டவையல்ல என்பதையே நாம் இங்கு அழுத்திச் சொல்ல விரும்புகின்றோம். குடாநாட்டுக் கிணறுகளில் நைத்திரேற்று எல்லை மீறியிருப்பதை 1980 களிலேயே ஆய்வாளர்கள் பதிவு செய்தனர். வலிகாமத்தின் நிலத்தடி நீர்த்தரம் பற்றிய விரிவான கட்டுரையொன்று 2002 இல் இலண்டன் புவியியற் கழகத்தின் வெளியீட்டில் இடம்பெற்றது. நாட்டின் நிலத்தடி நீர்த்தாங்கிகளை ஆறு வகையாக வகுத்த பானபொக்கேயும் பெரேராவும் 2005 இல், யாழ்ப்பாணத்தின் ஆழமற்ற சுண்ணாம்புக்கற் படுகையைத் தனியொரு வகையாகவே குறித்தனர். கொழும்பைத் தளமாகக் கொண்ட சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவகத்தின் ஆய்வாளர்களும் எமது பல்கலைக்கழகத்தவரும் இணைந்து செய்த ஆய்வு 2013 இல் வெளிவந்தது. இவற்றுக்கு முன்னும் பின்னும் பட்டப்பின் படிப்பு மாணவர்கள் கிணறு கிணறாகச் சென்று போத்தல்களில் நீர் எடுத்துள்ளனர். போத்தலைக் கொடுத்த கிணற்றுக்காரருக்கு முடிவு சொல்லப்பட்டதா? பெரும்பாலும் இல்லை.

அறிவு இருந்தும் அது ஊரைச் சென்றடையாவிடின் என்ன நேரும் என்பதற்குச் சுன்னாகம் கசப்பான சான்று. அங்குள்ள மின் உற்பத்தி நிலையத்தைச் சூழ்ந்த கிணறுகளில் எண்ணெய் கலந்திருப்பதாக மக்கள் முறையிட்டனர். 2014 இன் பிற்பகுதியிலும் 2015 இன் தொடக்கத்திலும் அந்த முறைப்பாடு பெரும் போராட்டமாயிற்று. தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபை சோதித்த கிணறுகளிற் பெரும்பாலானவற்றில் எண்ணெய்யும் கொழுப்பும் அனுமதிக்கப்பட்ட அளவை மீறியிருந்தன. வட மாகாண சபை அமைத்த நிபுணர் குழுவோ மாறுபட்ட தொனியில் அறிக்கையிட்டது. ஒருவர் குடிக்க வேண்டாம் என்றார்; மற்றவர் அஞ்ச வேண்டாம் என்றார். கிணற்றுக்கட்டில் நின்ற தாய்க்கு எதை நம்புவதென்று தெரியவில்லை. கலந்த எண்ணெய் புதிய நிலையத்தினதா, பழைய காலத்துக் கழிவெண்ணெயா என்ற தர்க்கமும் எழுந்தது.

இறுதியில் ஒரு சுற்றாடல் ஆர்வலர் தாக்கல் செய்த அடிப்படை உரிமை மனுவில் உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரல் 4 ஆம் திகதி தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டின் வழியில், நொதேர்ன் பவர் நிறுவனம் 2 கோடி ரூபா செலுத்த வேண்டும் என அது கட்டளையிட்டது. இலங்கையின் சுற்றாடற் சட்ட வரலாற்றில் இது முக்கியமான தீர்ப்பு என்பதில் ஐயமில்லை. ஆனால் தெற்கிலிருந்து ஒருவர் நீதிமன்றம் சென்று பெற்றுத் தந்த நீதிக்கு முன்னர், எமது அறிவுலகம் செய்திருக்க வேண்டிய ஒரு பணி எஞ்சியிருந்தது. மின் நிலையம் வருவதற்கு முன்னரே அப்பகுதிக் கிணறுகளின் நீர் எவ்வாறிருந்தது என்பதற்கு ஆண்டுவாரியான ஒழுங்கான பதிவு இருந்திருப்பின், எண்ணெய் எப்போது, எங்கிருந்து வந்தது என்ற தர்க்கத்துக்கே இடமிருந்திராது. அத்தகைய பதிவை அரசியற் குழுவொன்று அவசரத்தில் உருவாக்க முடியாது. அமைதியான காலத்தில் பொறுமையுடன் செய்யப்படும் நீண்டகால ஆய்வே அதனைத் தரும்.

ஒரு கலாநிதி ஆய்வின் சிறப்பும் இதிலேதான் தங்கியுள்ளது. திணைக்களம் ஒன்று ஒருமுறை நீர் எடுத்துச் சோதித்து அறிக்கை தருகின்றது. கலாநிதி மாணவரோ இரண்டு மூன்று மாரிகளும் கோடைகளும் அதே கிணறுகளைத் தொடர்கின்றார். மழை பெய்ததும் எத்தனை நாளில் உரம் கீழிறங்குகின்றது, இறைப்பு நின்றதும் உப்பு எவ்வளவு பின்வாங்குகின்றது ஆகியவற்றை அவரால் மட்டுமே சொல்ல முடியும். நைதரசனின் சமதானிகளை அளப்பதன் மூலம், ஒரு கிணற்றிலுள்ள நைத்திரேற்று உரப்பையிலிருந்து வந்ததா, மலசலகூடக் குழியிலிருந்து வந்ததா எனப் பிரித்தறியவும் வழியுண்டு. இது வெறும் ஆய்வுகூட நுட்பமன்று. உரமே காரணம் எனில் விவசாயியிடம் பேச வேண்டும். குழியே காரணம் எனில் உள்ளூராட்சி மன்றத்திடமும் கட்டட அனுமதி வழங்குவோரிடமும் பேச வேண்டும். இந்த வேறுபாடு தெரியாத வரை எல்லாப் பழியும் தோட்டக்காரன் தலையிலேயே விழும். நகரத்தில் எழும் மாடிக் கட்டடங்களையும் விடுதிகளையும் எவரும் கேட்கமாட்டார்கள்.

நோய் பற்றிய கேள்வியும் அவ்வாறானதே. யாழ்ப்பாணத்தில் உணவுக்குழாய்ப் புற்றுநோய் அதிகம் காணப்படுவதற்கும் நீரிலுள்ள நைத்திரேற்றுக்கும் தொடர்பிருக்கலாம் என்ற கருத்து 1980 களில் விஞ்ஞானிகளால் முன்வைக்கப்பட்டது. வெற்றிலை, புகையிலைப் பழக்கமும் இங்கு பரவலாக உள்ளமையால் நைத்திரேற்றைத் தனியே குற்றவாளியாக நிறுத்துவது எளிதன்று. 'இருக்கலாம்' என்று தொடங்கிய அந்தக் கேள்வி மேடைப் பேச்சுகளில் 'இருக்கின்றது' என்றே மாறிவிட்டது. மருத்துவ பீடமும் விஞ்ஞான, விவசாய பீடங்களும் ஒருங்கே அமர்ந்து ஆராய வேண்டிய விடயம் இது. மக்களை வீணே அச்சுறுத்துவதும் வீணே ஆறுதற்படுத்துவதும் ஒரே அளவில் தவறு.

குடாநாட்டின் கடந்த நாற்பது வருட வரலாறு, வேறெங்கும் கிடைக்காத ஆய்வுக்களமாகவும் அமைந்துவிட்டது என்பதைக் கனத்த மனத்துடன்தான் சொல்ல வேண்டியுள்ளது. 1990 களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் யூரியா தடைசெய்யப்பட்ட பொருள். எரிபொருள் இல்லாமையால் இறைப்பு இயந்திரங்களும் ஓய்ந்திருந்தன. அவ்வாண்டுகளில் நிலத்தடி நீர் எவ்வளவு தெளிந்தது என்பதற்கு ஒழுங்கான தொடர் பதிவு இல்லை. உயிரைக் காப்பதே பெரும்பாடாயிருந்த நாட்களில் அதனை எதிர்பார்க்கவும் முடியாது. வலிகாமம் வடக்கில் 1990 முதல் உயர் பாதுகாப்பு வலயமாக்கப்பட்டு, தசாப்தங்களாக உரமோ இறைப்போ இன்றிக் கிடந்த நிலங்கள், போர் முடிந்த 2009 இன் பின்னர் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டன. இருபது இருபத்தைந்து வருடம் உரம் காணாத மண்ணின் கீழுள்ள நீரையும், வேலிக்கு இப்பால் இடைவிடாது உரம் கண்ட மண்ணின் கீழுள்ள நீரையும் ஒப்பிடும் வாய்ப்பு உலகில் எத்தனை மாணவருக்குக் கிட்டும்? மக்கள் மீளக்குடியேறி மீண்டும் தோட்டம் செய்யத் தொடங்கியதும் அந்த வாய்ப்பு ஒவ்வொரு போகத்துடனும் கரைகின்றது. 2021 இல் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டு, அதே வருட இறுதியில் தடை நீக்கப்பட்டபோது விவசாயி பட்ட துன்பத்தை அனைவரும் அறிவர். அத்துன்பத்திலிருந்து பெறக்கூடிய ஒரேயொரு பயன், அக்காலத்துக் கிணற்று நீரின் பதிவாக இருந்திருக்கும்.

இவ்விடத்தில் முஸ்லிம் மக்களையும் நினைவுகூராமல் இவ்விடயத்தைக் கடந்து செல்ல முடியாது. 1990 ஒக்ரோபர் 30 ஆம் திகதி, சில மணி நேர அவகாசத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டனர். சோனகத் தெருவின் கிணறுகள் அன்று அநாதைகளாயின. வெளியேறியவர்களில் பெருந்தொகையினர் தஞ்சமடைந்த இடம் புத்தளமும் கற்பிட்டியும். கற்பிட்டிக் குடாநாட்டிலும் ஆறில்லை. அங்கும் கடல் சூழ்ந்த மண்ணின் கீழ் மிதக்கும் நன்னீரே வாழ்வாதாரம். மரக்கறிச் செய்கைக்கு மிகையாக இட்ட உரத்தால் அந்த மணற்படுகை நீரிலும் நைத்திரேற்று எல்லை மீறியதை 1990 களின் ஆய்வுகள் காட்டின. யாழ்ப்பாணத்தில் கிணற்றை இழந்த குடும்பம், அகதியாகச் சென்ற இடத்திலும் அதே நஞ்சு கலந்த கிணற்றைச் சந்தித்தது. மீளத் திரும்பிய குடும்பங்கள், நீண்டகாலம் இறைக்கப்படாது கிடந்த கிணறுகளையும் நெருக்கமான காணிகளில் அருகருகே அமைந்த குழிகளையும் சந்தித்தன. சுண்ணாம்புக்கல்லையும் மணலையும் ஒப்பிட்டு ஒரே கேள்வியைக் கேட்கும் கூட்டாய்வை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் ஏன் மேற்கொள்ளக் கூடாது? மன்னார், காத்தான்குடி, கல்முனை ஆகிய கரையோர ஊர்களும் கிணற்றையே நம்பியவை. அரசியல் மேடைகளில் தமிழ், முஸ்லிம் ஒற்றுமை பற்றிப் பேசப்படும் அளவுக்கு ஆய்வுகூடங்களில் அது செயற்படவில்லை. வுழூச் செய்யும்போதும் நீரை வீணாக்கலாகாது என்பது இஸ்லாத்தின் போதனை. கிணற்றடியில் நின்று காலைக் கடன் முடித்து நீறு பூசுவது சைவ மரபு. நிலத்துக்குக் கீழே ஓடும் நீருக்கு எவருடைய வேலியும் தெரியாது.

ஆய்வுகள் ஏன் மக்களைச் சென்றடைவதில்லை? காரணங்கள் பல. ஆய்வேடு ஆங்கிலத்தில் எழுதப்படுகின்றது. அதன் சாரம் வெளிநாட்டுச் சஞ்சிகையில் வருகின்றது. விரிவுரையாளரின் பதவியுயர்வு அச்சஞ்சிகையின் தரத்தைப் பொறுத்தது. தெல்லிப்பழையிலோ உடுவிலிலோ உள்ள கமநல சேவை நிலையத்தில் அவர் ஆற்றும் உரைக்கு அத்தகைய புள்ளி இல்லை. விவசாயப் போதனாசிரியருக்கு அந்தச் சஞ்சிகை கிடைப்பதில்லை. கிடைத்தாலும் அதற்குக் கட்டணம் செலுத்த வேண்டும். எமது நீரைப் பற்றிய அறிவை நாமே காசு கொடுத்து வாங்க வேண்டிய நிலை இது. மேற்படிப்புக்காக வெளிநாடு சென்ற இளம் விரிவுரையாளர் பலர் திரும்பி வருவதில்லை என்பதும், 2022 இன் பொருளாதார வீழ்ச்சிக்குப் பின்னர் அந்தப் போக்கு மேலும் வலுத்தது என்பதும் யாவரும் அறிந்தவை. அவர்களைக் குறைகூறி என்ன பயன்? ஒரு மாதிரியைச் சோதிக்கத் தேவையான இரசாயனத்துக்கும் கருவியின் பழுதுபார்ப்புக்கும் மாதக்கணக்கில் காத்திருக்கும் ஆய்வாளனின் விரக்தியை நிர்வாகம் உணர வேண்டும்.

பத்திரிகைகளாகிய எமக்கும் இதில் பங்குண்டு. கிணற்றில் எண்ணெய் மிதந்தபோது முதற்பக்கத்தில் இடம் கொடுத்தோம். எண்ணெய் மறைந்ததும் அந்த இடத்தை வேறு செய்திக்குக் கொடுத்துவிட்டோம். பட்டமளிப்பு விழாப் படங்களைப் பிரசுரித்த அளவுக்கு, அப்பட்டங்கள் எதைக் கண்டறிந்தமைக்காக வழங்கப்பட்டன என்பதை நாம் பிரசுரித்ததில்லை.

தமிழில் விஞ்ஞானம் சொல்ல முடியாது என்ற சாட்டு யாழ்ப்பாணத்தில் எடுபடாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மானிப்பாயில் பணிபுரிந்த அமெரிக்க மிஷனரி வைத்தியர் சாமுவேல் கிறீன், மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, நூல்களைத் தமிழில் வெளியிட்டு, வைத்தியர்களை உருவாக்கிய மண் இது. அந்நிய நாட்டார் ஒருவர் அன்று செய்ததை இன்று எமது பல்கலைக்கழகத்தார் ஒரு பத்துப் பக்கச் சுருக்கத்துக்கேனும் செய்ய முடியாதா?

ஆகையால் சில நடைமுறைச் சாத்தியமான யோசனைகளை நாம் முன்வைக்கின்றோம். முதலாவது, வடக்கு, கிழக்கின் நிலம், நீர், கடல் பற்றிய ஒவ்வொரு கலாநிதி ஆய்வேட்டுடனும் எளிய தமிழ்ச் சுருக்கம் ஒன்று கட்டாயமாகச் சமர்ப்பிக்கப்பட வேண்டும். அது 2005 முதல் எமது ஏடுகளை மின்வடிவில் பேணிவரும் நூலகம் நிறுவனம் போன்ற பொது இடங்களில் வைக்கப்பட வேண்டும். இரண்டாவது, நீர் மாதிரி எடுக்கப்பட்ட ஒவ்வொரு கிணற்றின் உரிமையாளருக்கும் முடிவு எழுத்தில் வழங்கப்படல் வேண்டும். இது செலவுக்குரிய விடயமன்று, மரியாதைக்குரிய விடயம். மூன்றாவது, குடாநாட்டின் நாலா திசைகளிலும் குறித்த சில கிணறுகளை நிரந்தர அவதானிப்புக் கிணறுகளாகத் தெரிவுசெய்து, ஒரு மாணவர் பட்டம் பெற்று விலகும்போது அடுத்தவர் அப்பதிவைத் தொடரும் ஒழுங்கு செய்யப்பட வேண்டும். நான்காவது, நீர்வளச் சபையும் நீர்வழங்கல் சபையும் விவசாயத் திணைக்களமும் மாகாண நிர்வாகமும் தமக்கு விடை தேவைப்படும் கேள்விகளை வருடந்தோறும் பல்கலைக்கழகங்களுக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும்.

கேள்விகளுக்குப் பஞ்சமில்லை. இரணைமடு நீரைக் குடாநாட்டுக்குக் கொண்டுவரும் திட்டம் கிளிநொச்சி விவசாயிகளின் நியாயமான அச்சத்தால் தடைப்பட்டது. அதன் பின்னர் தாளையடியில் நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நீரைத் தரவல்ல கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் அமைக்கப்பட்டு 2024 ஓகஸ்டில் திறந்துவைக்கப்பட்டது. வெளியேறும் கடும் உவர்நீர் கரையோர மீன்வளத்தை என்ன செய்யும் என்று அப்பகுதி மீனவர் திட்டம் தொடங்கும்போதே கேட்டனர். அக்கேள்விக்கு அதிகாரிகளின் உறுதிமொழி விடையாகாது. வருடக்கணக்கான அளவீடே விடையாகும். பொறியியலாளர் ஆறுமுகம் 1950 களில் முன்வைத்த 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' திட்டத்தின்படி ஆனையிறவு, வடமராட்சி, உப்பாறு நீரேரிகளை நன்னீராக்கினால் நிலத்தடி நீர் எவ்வளவு பெருகும், இறாலும் மீனும் நம்பிய குடும்பங்கள் எவ்வளவு இழக்கும் என்பதும் இன்றைய கருவிகளால் ஆராயப்பட வேண்டியதே. குழாய் நீர் வந்துவிட்டது என்பதால் கிணற்றைக் கைவிடலாம் என எவரேனும் எண்ணினால் அது பெருந்தவறு. கடல்நீரைச் சுத்திகரிக்க மின்சாரம் வேண்டும். மின்சாரமும் டொலரும் இல்லாத நாட்கள் எப்படியிருக்கும் என்பதை நாம் 2022 இல் கண்டோம். அன்றும் எமக்கு நீர் தந்தது கிணறுதான். தோட்டத்துக்கு என்றும் நீர் தரப்போவதும் அதுவேதான்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்குதவாது என்பது எமது மக்கள் படித்தவர்களைப் பார்த்துச் சொன்ன பழமொழி. அதில் ஏளனம் மட்டுமன்றி எதிர்பார்ப்பும் உண்டு. 1981 இல் எரிக்கப்பட்ட யாழ். பொது நூலகத்துக்காக இன்றும் கண்ணீர் வடிக்கும் சமூகம் நாம். ஆனால் நூல் எரியாமலே அழியும் வழியும் ஒன்றுண்டு. எழுதியவரும் பரிசோதித்தவரும் தவிர வேறெவரும் திறவாத அலுமாரியில் அது கிடப்பதே அந்த வழி. குடாநாட்டில் ஏறத்தாழ ஒரு இலட்சம் எனக் கணிக்கப்படும் கிணறுகளுக்குள் அடுத்த மாரி மழை இறங்கும்போது, அது எதைச் சுமந்துகொண்டு இறங்குகின்றது என்பதை அறிந்தவர்கள் எம்மிடையே இருக்கின்றார்கள். அதனைக் கிணற்றுக்காரருக்கு அவரது மொழியில் சொல்ல அவர்களும், சொல்வதற்கு வழிசமைக்கப் பல்கலைக்கழக நிர்வாகங்களும் முன்வர வேண்டும். இன்னொரு சுன்னாகம் நிகழ்ந்த பின்னர் குழு அமைப்பதிலும் பார்க்க அது எவ்வளவோ மேல்.